சான்றிதழ் கையில் இருக்கிறது, பட்டம் எங்கே?

(ராயபுரத்தில் நடைபெற்ற கல்வி வழிகாட்டுக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



நீங்கள் துறைமுகத்தைப் பார்த்து வளர்ந்தவர்கள். ஆகவே துறைமுகத்து உதாரணத்தோடு தொடங்குகிறேன். சிங்கப்பூரிலிருந்து ஒரு கன்டெய்னர் வந்து இறங்குகிறது. உள்ளே இருப்பது நல்ல சரக்கு. பணம் கொடுத்து வாங்கிய சரக்கு. ஆனாலும் அதை உடனே எடுத்து வந்து மண்ணடிக் கடையில் அடுக்க முடியுமா? முடியாது! பில் ஆஃப் என்ட்ரி தாக்கல் ஆக வேண்டும். தீர்வை கட்ட வேண்டும். சுங்க அதிகாரி 'அவுட் ஆஃப் சார்ஜ்' கொடுக்க வேண்டும். அதுவரைக்கும் சரக்கு யார்டிலேயே கிடக்கும். நாள் ஆக ஆக டெமரேஜ் ஏறும். சரக்கில் குறை இல்லை, காகிதத்தில்தான் குறை!

நம் பகுதி இளைஞர்கள் பலருடைய படிப்பும் இன்றைக்கு இப்படித்தான் யார்டில் கிடக்கிறது. இதைச் சொல்லத்தான் உங்கள் முன் நிற்கிறேன்.

எனக்குத் தெரிந்த ஒரு தம்பி. திருவொற்றியூரில் வீடு. எண்ணூர்ப் பக்கம் ஒரு சரக்குக் கிடங்கில் கம்ப்யூட்டர் நெட்வொர்க்கைக் கவனித்துக்கொள்கிறார். பி.காம். முடித்தவர். வேலை பார்த்துக்கொண்டே சிஸ்கோ நிறுவனத்தின் சி.சி.என்.ஏ. தேர்வு எழுதி வெற்றி பெற்றார். இரவு இரண்டு மணிக்கு சர்வர் நின்றுவிட்டால் இவரைத்தான் கூப்பிடுவார்கள். ஆனால் மேலாளர் பதவி காலியானபோது வேறொருவரை வெளியிலிருந்து கொண்டு வந்து உட்கார வைத்தார்கள். காரணம் கேட்டதற்கு, "அவர் எம்.சி.ஏ., நீங்கள் பி.காம்." என்று பதில் வந்தது. வேலை கற்றுக்கொடுத்தவர் இவர், நாற்காலி அவருக்கு!

மனம் நொந்த அந்தத் தம்பி ஒரு ஏஜென்ட்டிடம் போனார். "உங்கள் சான்றிதழுக்கும் அனுபவத்துக்கும் கிரெடிட் போட்டு ஆறே மாதத்தில் வெளிநாட்டு மாஸ்டர் டிகிரி வாங்கித் தருகிறோம்" என்றார்கள். மனைவியின் நகையை விற்றுப் பணம் கட்டினார். பளபளப்பான காகிதம் ஒன்று வந்தது. அதைக் கொண்டுபோய்க் காட்டியபோது நிறுவனத்தின் பணியாளர் பிரிவு அதை ஒரே பார்வையில் தள்ளிவிட்டது. பணமும் போயிற்று, மானமும் போயிற்று.

சகோதரர்களே! இந்தத் தம்பி ஏமாந்தது பேராசையால் அல்ல. அவர் கேள்விப்பட்டதில் பாதி உண்மை. தொழில்முறைச் சான்றிதழை மேற்படிப்பில் கிரெடிட்டாகக் கணக்கில் எடுத்துக்கொள்ளும் முறை உலகத்தில் உண்மையாகவே இருக்கிறது. அந்தப் பாதி உண்மையை வைத்துத்தான் மீதிப் பாதிப் பொய்யை விற்றார்கள். முழு உண்மை என்ன என்று பார்ப்போம்.

கிரெடிட் என்றால் என்ன?

ஒரு படிப்பில் நீங்கள் செலுத்திய உழைப்பை அளக்கும் எடைக்கல்தான் கிரெடிட். 2023-இல் மத்திய அரசு வெளியிட்ட தேசிய கிரெடிட் கட்டமைப்பின்படி 30 மணி நேரப் படிப்பு ஒரு கிரெடிட். வருடத்துக்கு 1200 மணி நேரம். அதாவது 40 கிரெடிட். ஆக, இரண்டு வருட முதுநிலைப் பட்டத்துக்கு ஏறத்தாழ 80 கிரெடிட். வகுப்பறைப் படிப்பு, தொழில் பயிற்சி, அனுபவத்தால் கற்றது ஆகிய எல்லாவற்றையும் முறையாக மதிப்பிட்டால் இந்த ஒரே எடைக்கல்லால் நிறுக்கலாம் என்பதுதான் அந்தக் கட்டமைப்பின் அடிப்படைக் கருத்து.

'மதிப்பிட்டால்' என்ற சொல்லை அடிக்கோடிட்டுக் கொள்ளுங்கள். சிஸ்கோவோ மைக்ரோசாஃப்ட்டோ கொடுப்பது சான்றிதழ். அதை கிரெடிட்டாக ஏற்றுக்கொள்கிற அதிகாரம் பட்டம் கொடுக்கும் பல்கலைக்கழகத்திடம் இருக்கிறது. சரக்கு உங்களுடையது, 'அவுட் ஆஃப் சார்ஜ்' போடுவது பல்கலைக்கழகம்!

வெளிநாட்டில் எப்படி?

அமெரிக்காவில் 19 மாநிலங்களின் ஆளுநர்கள் சேர்ந்து 1997-இல் உருவாக்கிய வெஸ்டர்ன் கவர்னர்ஸ் பல்கலைக்கழகம் இணைய வழியிலேயே பட்டம் தருகிறது. அங்கே கணினிப் படிப்புகள் பலவற்றில் தொழில்முறைச் சான்றிதழ்த் தேர்வுகளே பாடத்தின் பகுதியாக இருக்கின்றன. ஆஸ்திரேலியாவில் சார்ல்ஸ் ஸ்டர்ட் பல்கலைக்கழகம், தகுதியான சான்றிதழ் வைத்திருப்போருக்கு முதுநிலைக் கணினிப் படிப்பில் சில பாடங்களைக் கழித்துக் கொடுத்து வந்திருக்கிறது.

கவனியுங்கள்! கழித்துக் கொடுப்பது சில பாடங்களை மட்டும். மீதிப் பாடங்களை மாணவன் படித்து, ஒப்படைப்பு எழுதி, தேர்ச்சி பெற்றே ஆக வேண்டும். சான்றிதழைக் கொடுத்துவிட்டுப் பட்டத்தை வாங்கி வருகிற பண்டமாற்று எந்த நல்ல பல்கலைக்கழகத்திலும் கிடையாது. "படிக்கவே வேண்டாம்" என்று எவன் சொல்கிறானோ அவன் பொய்யன் என்று அந்த இடத்திலேயே முடிவு கட்டிவிடுங்கள்.

நம் நாட்டுக்கு இது புதிதா?

இல்லை. கல்லூரிக்கு வெளியே கணினி படித்தவனுக்கும் ஒரு மதிப்பு வேண்டும் என்று 1990-லேயே டி.ஓ.இ.ஏ.சி.சி. என்ற திட்டம் தொடங்கப்பட்டது. 'ஓ', 'ஏ', 'பி', 'சி' என்று நான்கு படிகள். தனியார் நிலையத்தில் படித்தாலும் தேர்வை மத்திய அமைப்பு நடத்தும். இதில் 'பி' நிலை எம்.சி.ஏ. தரத்தை ஒட்டி அமைக்கப்பட்டது. அந்த அமைப்புதான் 2011 முதல் நைலிட் என்ற பெயரில் இயங்குகிறது. சென்னையிலும் அதற்கு மையம் உண்டு.

இப்போது கதவு இன்னும் அகலமாகத் திறந்திருக்கிறது. மூன்று செய்திகளைச் சொல்கிறேன்.

ஒன்று: 2021-இல் பல்கலைக்கழக மானியக் குழு, அதாவது யு.ஜி.சி., 'அகாடமிக் பேங்க் ஆஃப் கிரெடிட்ஸ்' என்ற கல்வி வங்கியை ஏற்படுத்தியது. பாங்கியில் பணம் போடுவது போல, நீங்கள் சம்பாதித்த கிரெடிட் அதில் வரவு வைக்கப்படும். டிஜிலாக்கர் வழியாக 12 இலக்க எண் வாங்கலாம், செலவு கிடையாது. போட்ட கிரெடிட் அதிகபட்சம் 7 வருடம் செல்லும். ஆனால் பட்டம் கொடுக்கிற நிறுவனத்திலேயே குறைந்தது பாதி கிரெடிட்டாவது சம்பாதித்திருக்க வேண்டும்.

இரண்டு: 2017-இல் தொடங்கிய 'ஸ்வயம்' இணையப் பாடங்கள். 2021 விதிகளின்படி, ஒரு பருவத்தில் உள்ள பாடங்களில் 40 சதவீதம் வரை ஸ்வயம் வழியாகப் படித்து கிரெடிட் பெற பல்கலைக்கழகம் அனுமதிக்கலாம். பருவத்துக்கு 20 கிரெடிட் என்று வைத்தால் 8 கிரெடிட். பொதுவாக இரண்டு பாடங்கள். ஐ.ஐ.டி.கள் நடத்தும் என்.பி.டெல். பாடங்களும் இதில் அடக்கம். பாடம் கேட்கக் கட்டணம் இல்லை. தேர்வுக்கு மட்டும் ஆயிரம் ரூபாய் அளவில் கட்டணம். வாராந்திர ஒப்படைப்புக்கு 25 மதிப்பெண், நேரில் போய் எழுதும் தேர்வுக்கு 75. வீட்டில் உட்கார்ந்து காப்பி அடிக்கிற தேர்வு அல்ல. ஆகவேதான் அதற்கு மதிப்பு!

மூன்று: நம் இளைஞர்களுக்கு மிக நெருக்கமான செய்தி இது. 2024 பிப்ரவரி 27 அன்று 'ஸ்வயம் பிளஸ்' தொடங்கப்பட்டது. அதை நடத்துவது எங்கோ டில்லியில் இருக்கிற நிறுவனம் அல்ல. இதே சென்னையில், கிண்டிப் பக்கம் இருக்கிற ஐ.ஐ.டி.தான்! எல் அண்ட் டி, மைக்ரோசாஃப்ட், சிஸ்கோ போன்ற நிறுவனங்களோடு சேர்ந்து உருவாக்கிய தொழில் பாடங்கள் அதில் வந்தன. தொழில் நிறுவனம் கற்றுக்கொடுப்பதற்கும் கிரெடிட் உண்டு என்ற கொள்கையை நம் ஊர் நிறுவனமே நடைமுறைக்குக் கொண்டு வந்திருக்கிறது. எல்லாப் பாடத்துக்கும் ஒரே அளவு கிரெடிட் என்று எண்ணிவிடக் கூடாது. ஒவ்வொரு பாடத்துக்கும் கிரெடிட் உண்டா, எத்தனை, எந்த நிலையில் என்று பார்த்துத்தான் சேர வேண்டும்.

சான்றிதழுக்கு ஆயுள் உண்டு!

"பாய், நான் ஏற்கெனவே சி.சி.என்.ஏ. வைத்திருக்கிறேன். பட்டம் எதற்கு?" என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். சி.சி.என்.ஏ. 3 வருடத்தில் காலாவதியாகிவிடும். மறுபடி தகுதி காட்ட வேண்டும். எம்.சி.எஸ்.இ. என்ற மைக்ரோசாஃப்ட் சான்றிதழுக்காக ஒரு காலத்தில் ரிச்சி தெருப் பக்கத்துப் பயிற்சி நிலையங்களில் எத்தனை பேர் பணம் கட்டினார்கள்! அந்தச் சான்றிதழையே 2021 ஜனவரியோடு அந்த நிறுவனம் நிறுத்திவிட்டது. நிறுவனத்தின் வியாபாரம் மாறினால் சான்றிதழின் மதிப்பும் மாறும். பல்கலைக்கழகப் பட்டத்துக்குக் காலாவதித் தேதி கிடையாது. ஆகவே சான்றிதழுக்கு உயிர் இருக்கும்போதே அதன் பலனைப் பட்டத்துக்கு மாற்றிக்கொள்வதுதான் புத்திசாலித்தனம்.

இன்னொரு கசப்பான உண்மையையும் சொல்லிவிடுகிறேன். அடிப்படைச் சான்றிதழ்கள் இளநிலைத் தரத்தில் உள்ளவை. முதுநிலைப் படிப்பில் கிரெடிட் கேட்டால் "இது முதுநிலைத் தரம் அல்ல" என்று பல்கலைக்கழகம் மறுக்கலாம். அப்போது மனம் தளர வேண்டாம். நீங்கள் கற்ற அறிவு வீணாகவில்லை. நெட்வொர்க் தெரிந்தவனுக்கு முதுநிலை நெட்வொர்க் பாடம் பாதி சுமை. ஸ்வயத்தில் அதே துறையில் முதுநிலைப் பாடத்தை எடுத்துத் தேர்வு எழுதுங்கள். தெரிந்ததையே கிரெடிட்டாக மாற்றும் நேர்வழி அதுதான்.

பணம் கட்டும் முன் ஐந்து கேள்விகள்

வியாபாரிகளே! பத்தாயிரம் ரூபாய் சரக்கு வாங்கினாலும் பில் கேட்கிறீர்கள். உங்கள் பிள்ளையின் பட்டத்துக்கு லட்சம் கட்டும்போது ஏன் கேட்பதில்லை? இந்த ஐந்தையும் கேளுங்கள்.

1. இந்தப் பல்கலைக்கழகத்துக்கு, இந்தப் படிப்புக்கு, இந்த வருடத்துக்கு யு.ஜி.சி.யின் தொலைநிலைக் கல்விப் பிரிவு அனுமதி உண்டா? பல்கலைக்கழகத்துக்கு உண்டு என்பது போதாது, படிப்புக்கும் வேண்டும். பொறியியல் பட்டங்களை இணைய வழியில் நடத்த 2020 விதிகளில் இடம் இல்லை. "ஆன்லைன் எம்.டெக்." என்று யாராவது விளம்பரம் செய்தால் உஷாராகுங்கள். எம்.சி.ஏ., எம்.எஸ்சி. போன்றவற்றை அனுமதி பெற்ற பல்கலைக்கழகங்கள் நடத்துகின்றன. அனுமதி பெற்ற இணையவழிப் பட்டம் நேரடிப் பட்டத்துக்குச் சமம் என்று 2022 செப்டம்பரில் யு.ஜி.சி. தெளிவாக அறிவித்திருக்கிறது.

2. என் சான்றிதழுக்கு எத்தனை கிரெடிட், எந்தப் பாடத்துக்குப் பதிலாக? இதை எழுத்தில் கேளுங்கள். ஏஜென்ட்டின் வாட்ஸ்அப் செய்தி எழுத்து ஆகாது. பல்கலைக்கழகத்தின் பதிவாளர் அலுவலகத்திலிருந்து வர வேண்டும்.

3. சேர்வதற்கு முன் வாங்கிய கிரெடிட்டை ஏற்பார்களா? சேர்ந்த பிறகு எடுத்ததை மட்டும்தான் ஏற்பார்களா? இதில் பல்கலைக்கழகத்துக்குப் பல்கலைக்கழகம் வேறுபாடு உண்டு.

4. கிரெடிட் கொடுத்தால் கட்டணம் குறையுமா? பாடம் குறைந்தும் கட்டணம் குறையாவிட்டால் உங்களுக்கு நேரம் மட்டுமே மிச்சம்.

5. இந்தப் பட்டம் நான் வேலைக்குப் போக நினைக்கும் இடத்தில் செல்லுமா? வளைகுடாவுக்குப் போகிறவர்கள் இதைக் கட்டாயம் கேட்க வேண்டும். அங்கே பட்டத்தை அட்டஸ்டேஷன் செய்வது ஒன்று. சமமானது என்று ஏற்றுக்கொள்வது வேறொன்று. தொலைநிலை, இணையவழிப் பட்டங்களுக்கு நாட்டுக்கு நாடு நிபந்தனை மாறும்.

வெளிநாட்டுப் பட்டம் என்றால் இருமடங்கு எச்சரிக்கை வேண்டும். அங்கீகாரம் இல்லாத வெளிநாட்டு நிறுவனத்தோடு சேர்ந்து இங்குள்ள கம்பெனிகளும் கல்லூரிகளும் தருகிற பட்டம் செல்லாது என்று 2023 டிசம்பரில் யு.ஜி.சி. எச்சரித்தது. நம் தம்பி இந்த ஒரு செய்தியைத் தெரிந்திருந்தால் நகை மிஞ்சியிருக்கும்.

படிக்கட்டை வரிசையாக ஏறுங்கள்

முதுநிலை என்பது மூன்றாம் மாடி. கீழ்ப்படி இல்லாமல் அங்கே தாவ முடியாது. நம்மில் சிலர் பன்னிரண்டாம் வகுப்பு முடிக்காமலேயே திறந்தநிலைப் பட்டம் வாங்கியிருக்கிறார்கள். அரசு வேலைக்கு 10, 12, பிறகு பட்டம் என்ற வரிசையில் படித்திருக்க வேண்டும் என்று தமிழக அரசு 2009-இல் ஆணையிட்டது. ஆகவே விட்டுப்போன பன்னிரண்டாம் வகுப்பை முதலில் எழுதி முடியுங்கள். வெட்கம் வேண்டாம்!

பன்னிரண்டாம் வகுப்பு முடித்துப் பட்டம் இல்லாதவர்களுக்கு சென்னை ஐ.ஐ.டி.யே 2020-இல் டேட்டா சயன்ஸ் படிப்பை இணைய வழியில் தொடங்கியது. ஜே.இ.இ. வேண்டியதில்லை, அவர்களே நடத்தும் தகுதித் தேர்வில் தேறினால் போதும். இடையில் நிற்க நேர்ந்தால் அதுவரை படித்ததற்கு டிப்ளமா உண்டு. பி.காம். படித்த தம்பிமார்கள் எம்.சி.ஏ.வுக்குப் போகும்போது கணிதத்தைக் கவனியுங்கள். பன்னிரண்டாம் வகுப்பிலோ பட்டத்திலோ கணிதம் படித்திராவிட்டால், இணைப்புப் பாடம் படித்தால் சேர்க்கலாம் என்று பல இடங்களில் வழி வைத்திருக்கிறார்கள். எம்.சி.ஏ. இப்போது 3 வருடம் அல்ல. 2020-21 முதல் 2 வருடம்தான்.

நாம் ஏன் இதில் அக்கறை காட்ட வேண்டும்?

2006-இல் சச்சார் குழு கொடுத்த அறிக்கையை மறந்துவிட்டோமா? இந்திய முஸ்லிம்களில் பட்டமோ டிப்ளமாவோ பெற்றவர்கள் 20 வயதுக்கு மேற்பட்டோரில் 100-க்கு 4 பேருக்கும் குறைவு என்றது அந்த அறிக்கை. நாட்டின் பொது அளவு 7. தமிழகத்தில் நம் எழுத்தறிவு மோசமில்லை. 2007-இல் 3.5 சதவீத இடஒதுக்கீடும் வந்தது. ஆனால் ஒதுக்கீடு கல்லூரி வாசலுக்கு வந்தவனுக்குத்தான் உதவும். பதினெட்டு வயதில் குடும்பத்துக்காகக் கடையில் நின்றவனுக்கு, கிடங்கில் வேலைக்குப் போனவனுக்கு, துபாய்க்கு விமானம் ஏறியவனுக்கு யார் உதவுவது? அவன் திறமையற்றவனா? இல்லையே! வேலை பார்த்துக்கொண்டே கற்றவன் அவன். அவன் கற்றதற்குக் காகிதம் இல்லை, அவ்வளவுதான். அவனுக்காகத் திறந்த வாசல்தான் இந்தக் கிரெடிட் முறை.

நம்மைச் சுற்றியும் பாருங்கள். 1990-களின் நடுவில் தொடங்கிய சுங்கத்துறைக் கணினி முறை இன்று துறைமுகம் முழுக்கப் பரவிவிட்டது. 2001-இல் எண்ணூர்த் துறைமுகம் வந்தது; இன்று அது காமராஜர் துறைமுகம். 2017-இல் ஜி.எஸ்.டி. வந்த பிறகு சின்னக் கடைக்காரரும் கணினி இல்லாமல் கணக்குக் காட்ட முடியாது. வேலை நம் வாசலுக்கே வந்துவிட்டது. தோளில் மூட்டை சுமந்தவர்களின் பேரப்பிள்ளைகள் அந்தக் கணினி அறையில் வெறும் உதவியாளராகவே நிற்க வேண்டுமா?

வணிகப் பெருமக்களிடம் இரண்டே கோரிக்கைகள். உங்கள் கடையில் வேலை பார்க்கும் பையன் தேர்வு எழுதினால், தேர்வுக்கு முந்தைய வாரம் மாலையில் இரண்டு மணி நேரம் முன்னதாக விடுங்கள். சம்பளம் பிடிக்காதீர்கள். முடிந்தால் ஒரு பையனுடைய ஒரு தேர்வுக் கட்டணத்தை ஏற்றுக்கொள்ளுங்கள். ஆயிரம் ரூபாய், ஒரு நாள் டீச் செலவு சில கடைகளில்!

இளைஞர்களே! உங்களுக்கும் மூன்று வேலைகள். இன்றிரவே டிஜிலாக்கரில் உங்கள் கிரெடிட் வங்கி எண்ணை வாங்குங்கள். இணையவழிப் படிப்பில் சேர 2024 முதல் டி.இ.பி. அடையாள எண்ணும் வேண்டும். அதற்கு இந்த எண்தான் அடிப்படை. இந்த வாரமே உங்கள் சான்றிதழ்களை எடுத்து, எது உயிரோடு இருக்கிறது, எது காலாவதியானது என்று ஒரு தாளில் எழுதுங்கள். அடுத்த பருவம் தொடங்கும்போது ஒரே ஒரு பாடத்தில் சேருங்கள். ஒன்றே ஒன்று! அதை முடித்த பிறகு அடுத்ததைப் பற்றிப் பேசலாம்.

அந்தத் திருவொற்றியூர்த் தம்பியைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லி முடிக்கிறேன். அவர் இப்போது ஸ்வயத்தில் ஒரு பாடத்தில் சேர்ந்திருக்கிறார். இரவு வேலை முடிந்து, சுபுஹுக்கு முன் ஒரு மணி நேரம் படிக்கிறார். "இந்த முறை யாரிடமும் வாங்கப் போவதில்லை பாய், நானே சம்பாதிக்கப் போகிறேன்" என்றார். யார்டில் கிடந்த அந்தச் சரக்கு வெளியே வரப் போகிறது. உங்களுடையது எப்போது?